நான்கில் நின்ற முள்

மார்ச் 11, செவ்வாய்.
இன்றைய தவறு: காலை எட்டு மணி அளவைக் குளிர்பெட்டியைத் திறக்காமலே எழுதினேன். நேற்று 4 டிகிரி. அதனால் இன்றும் 4 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு மனசு உறுத்தவே திறந்து பார்த்தேன். 4 தான் இருந்தது. ஆகவே தவறு சிறியது. (இதை எழுதுவதுகூட நான் நல்லவள் என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தானோ என்னவோ.)

இப்படி ஒரு தவறாவது எழுதாமல் அவள் நோட்டை மூடுவதில்லை. பகலில் தடுப்பூசி நிலையத்தில் மருந்து அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை மருந்தாளர் வகுப்பு. தங்கியிருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாட்குறிப்பு. ஒரு கட்டம் போடுவதென்றால்கூட அடிக்கோலைத் தேடிக்கொண்டு ஓடுவாள் என்பதால் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் ‘ஸ்கேல்’. வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

மருந்து அறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு டியூப்லைட், ஆள் உயரத்துக்கு ஒரு குளிர்பெட்டி. ஜன்னல் கிடையாது. உள்ளே மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் மூச்சை வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். சுவரில் எட்டு வரிகளில் விதிகள். பெட்டிக்குள் இரண்டு டிகிரிக்குக் குறையவும் கூடாது, எட்டைத் தாண்டவும் கூடாது. காலை எட்டுக்கும் மாலை நாலுக்கும் உள்ளே தொங்கும் வெப்பமானியைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். காலைக் கையெழுத்து அவளுடையது, மாலைக் கையெழுத்து நர்சம்மாவுடையது.

இரண்டு வருஷமாக இருவரும் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அதற்குக் காரணம் பெட்டியின் தலையில் உட்கார்ந்திருந்த கறுப்பு டப்பா. அதில் ஒரு பச்சை விளக்கு விட்டுவிட்டு எரியும். உள்ளே எத்தனை டிகிரி, கதவை யார் எப்போது திறந்தார்கள் என்பதையெல்லாம் அது தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்று முன்பு வேலை பார்த்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நர்சம்மா அதற்குப் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்திருந்தார். பெரியவர் முன்னால் யாரும் டீ குடிப்பதில்லை. வேலைக்கு ஐந்து நிமிடம் பிந்திவிட்டால் நர்சம்மா டப்பாவைப் பார்த்து, “பஸ் லேட்டுங்க பெரியவரே” என்று சொல்லிவிட்டுத்தான் மருந்து எடுக்கப் பெட்டியைத் திறப்பார்.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, பெட்டி உறுமுகிறது என்று மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் டப்பாவைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“இதுவா? பழைய ஸ்டெபிலைசர்ங்க இது. உள்ள ஒண்ணுமே இல்ல, லைட் மட்டும் எரியுது. இது எங்க போய் அனுப்பும்? பக்கத்து ரூமுக்குக்கூட அனுப்பாது.”

நர்சம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடிப்பாவி ஸ்கேலு! ரெண்டு வருஷமா ஒரு டப்பாவுக்குப் பயந்து குடும்பம் நடத்தியிருக்கோமேடி!”

அவளும் சிரித்தாள். ஆனால் மெக்கானிக் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபின், பெட்டியின் தலையில் தூசி படியாத ஒரு சதுரம் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் திரும்பி நின்றுகொண்டாள். அப்பாடா என்றல்லவா இருக்க வேண்டும்? ஏன் இப்படி இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அதற்கடுத்த வாரத்திலிருந்து நர்சம்மா வெள்ளிக்கிழமையன்று ஐந்து நாள் அளவையும் ஒரே மூச்சில் எழுத ஆரம்பித்தார். “அடுத்த வாரத்துக்கும் சேர்த்துப் போட்டுடட்டுமா? பேனா சூடா இருக்கு” என்று கேலி வேறு.

புதன்கிழமை காலை, முந்தின நாள் தவறுக்குப் பரிகாரம் போல, அவள் எட்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே கதவைத் திறந்து நின்றாள். ஒரு முழு நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்ப்பது என்று தீர்மானம். முள் நான்கில் நின்றது. முகத்தில் குளிர் அடித்தது. அறையின் புழுக்கம் உள்ளே போகப் போக முள் கொஞ்சமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. விரலால் சுண்டினாள். அசையவில்லை. வெப்பமானியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். ஐம்பது எண்ணிவிட்டுத் திறந்தாள்.

நான்கு.

மெக்கானிக் பெட்டியின் உள்ளே பின்சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ‘டக்’ என்று ஏதோ விழுந்த சத்தம் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. என்ன விழுந்தது என்று அன்று அவள் எட்டிப் பார்க்கவில்லை.

மேசை இழுப்பறையில் இரண்டாவது வெப்பமானி ஒன்று உண்டு. அதை எடுத்து நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது அது பூஜ்யத்துக்குக் கீழே மூன்று காட்டியது. பின்வரிசைக் குப்பி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பால் நிற மருந்துக்குள் கண்ணாடித் துணுக்குகள் போலப் பனி. பெட்டியின் அடியில் இருந்த, குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகு கடைசி எண்வரை திரும்பியிருந்தது.

வெயிலில் கெடும் மருந்தைவிட உறைந்து கெடும் மருந்து மோசமானது. கக்குவான் இருமலுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் போடும் மருந்து அந்த வகை. பனி உருகிவிட்டால் பார்ப்பதற்கு முன்போலவே இருக்கும். ஊசியில் ஏறும், குழந்தை அழும், அட்டையில் தேதி விழும். உடம்புக்குள் போய் எதையும் தடுக்காது.

மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்த குலுக்கல் சோதனையை அவள் செய்தாள். போன வியாழக்கிழமை, அதாவது ஆறாம் தேதி, வாராந்தர ஊசி நாளில் பாதி தீர்ந்து மீந்திருந்த குப்பி ஒன்று பெட்டிக்கு வெளியே தனியாக இருந்தது. ஒப்பிடுவதற்காக முன்வரிசைக் குப்பி ஒன்றை உறைபகுதியில் போட்டுக் கல்லாக்கி, மூன்று மணிக்கு வெளியே எடுத்து உருகவிட்டாள். பிறகு இரண்டையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி மேசைமேல் வைத்து, கன்னத்தை மேசையோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள். நல்ல மருந்தானால் வெகுநேரம் கலங்கலாகவே இருக்கும். வேண்டுமென்றே உறைய வைத்தது சில நிமிடத்தில் மேலே தெளிந்து, அடியில் மாவுபோல் படிந்தது. பக்கத்தில் இருந்த வியாழக்கிழமைக் குப்பியும் அதேபோலப் படிந்தது. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் நின்றன.

“என்னடி, மேசைகிட்ட ரகசியம் பேசிட்டிருக்க?” என்று கேட்டுக்கொண்டே நர்சம்மா உள்ளே வந்தார்.

அவள் ஒன்றையும் விடாமல் சொன்னாள். நர்சம்மா நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார். ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வியாழக்கிழமையே பாட்டில் கையில ஐஸ் மாதிரி இருந்துச்சு,” என்றார். “உள்ள ஏதோ மினுமினுன்னுச்சு. வெளியில அத்தனை பேர் குழந்தையோட நிக்கிறாங்க. உள்ளங்கையில உருட்டிச் சூடு பண்ணிப் போட்டுட்டேன்.”

“எத்தனை குழந்தைங்க, சிஸ்டர்?”

“முப்பத்தொண்ணு. எண்ணாமயா இருப்பேன்?”

அந்த முப்பத்தொன்றில் ஒன்று அவளுடைய அக்கா குழந்தை. ஏழு வாரக் குழந்தை. சித்தி வேலை செய்யும் இடமாயிற்றே என்று அக்கா இரண்டு பஸ் மாறி வந்து போட்டுக்கொண்டு போனாள்.

நர்சம்மா எழுந்து கதவைச் சாத்தினார். சிரிப்பும் கேலியும் அவர் முகத்தை விட்டு எங்கோ போயிருந்தன.

“இங்க பாரு ஸ்கேலு. திருகைச் சரி பண்ணிடு. முள்ளு நின்ன மீட்டரை நான் தூக்கிப் போட்டுடறேன். நாளைக்கு ஒன்பது மணிக்குப் புது மருந்து வண்டி வருது. பழசெல்லாம் தட்டோட கீழ விழுந்து உடைஞ்சிடுச்சுன்னு எழுதிக்கலாம். நாளைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு நல்ல மருந்துதான் போகும். ஒரு குத்தமும் இல்ல.”

“போன வாரம் போட்டவங்களுக்கு?”

“அடுத்த மாசம் எப்படியும் ரெண்டாவது டோஸுக்கு வருவாங்கல்ல? அதுவே முதல் டோஸ்னு நினைச்சுக்க. நடுவுல நாலு வாரம். இந்தக் காலத்துல யாருக்கு வருது கக்குவான்?”

“வந்துட்டா?”

“வந்தா, ஊசி போட்டும் வந்துடுச்சு, பாவம்னுவாங்க. நம்ம பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.” தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நர்சம்மாவே ஒரு கணம் நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “உங்க அக்காவை நாளைக்கு வரச் சொல்லு. புது மருந்துல ஒண்ணு நானே தனியாப் போட்டுடறேன். அட்டையில எழுத வேணாம். சரிதானே?”

‘சரி சிஸ்டர்’ என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றதை அவள் உணர்ந்தாள். அதுதான் அவளை உதற வைத்தது.

“டாக்டரம்மாகிட்ட சொல்லிடலாமே.” நிலையத்துக்குப் பொறுப்பு அவர்தான்.

“சொல்லு. தாள்ல யார் கையெழுத்து இருக்கு? உன்னுது, என்னுது. எனக்கு ரிட்டையராக இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கு. உனக்கு நிரந்தர ஆர்டர் இந்த மாசக் கடைசியில வருது. தாளைப் பார்த்தா உனக்கு ஆர்டரா வரும்? வேற கடுதாசிதான் வரும். அதுவும் இல்லாம, நீ ஒழுங்காப் பார்த்திருந்தாலும் நாலுதான்டி காட்டியிருக்கும். இதுல நம்ம தப்பு எங்க இருக்கு?”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வகுப்புக்குப் போகும் வழியெல்லாம் ஒரு மிட்டாயைப்போலச் சப்பிக்கொண்டே போனாள். பார்த்திருந்தாலும் நாலுதான். பார்த்திருந்தாலும் நாலுதான். பாதாளச் சாக்கடை மூடிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு நடந்தாள். சிக்னலில் வண்டி ஒன்றுகூட இல்லாதபோதும் பச்சை விழும்வரை நின்றாள். பக்கத்தில் நின்றவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கடந்து போனார்.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்து இருக்கை ஒரு பேக்கரிக்காரருடையது. நாற்பதைத் தாண்டியவர், அடுப்புச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை, வேறு வேலைக்குப் போகலாம் என்று படிக்க வந்தவர். வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, யாரும் இல்லாதப்பகூட கையைக் கழுவிட்டுத்தான் மாவு பிசைவீங்களா?”

“ஏன், எங்க கடை பன்னு வாங்கினியா?”

“சும்மா கேட்டேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஒருநாள் கழுவாம பிசைஞ்சுட்டேன்மா. கை வேற எங்கெங்கயோ பட்டிருந்துச்சு. தட்டு நூறு பன்னு. பகல் பூரா யாராவது வந்து சண்டை போடுவாங்கன்னு வாசலையே பார்த்துட்டிருந்தேன்.”

“அப்புறம்?”

“ஒருத்தரும் வரல. ஒண்ணுமே ஆகல. அதுக்கப்புறம்தான்மா நிஜமாவே பயம் வந்துச்சு. ஒண்ணும் ஆகலைன்னா, இனிமே என்னை யார் நிறுத்துவாங்க?”

வாத்தியார் திரும்பினார். பேக்கரிக்காரர் ஒன்றும் தெரியாதவர்போலப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

அவளுக்கு அதற்குமேல் ஒன்றும் காதில் விழவில்லை. ஜன்னலில்லாத அந்த அறையும், பெட்டியின் தலையில் இருந்த சுத்தமான சதுரமும் கண்முன் நின்றன. இத்தனை நாள் யாரோ பார்க்கிறார்கள் என்று பயந்தாள். அது சின்னப் பயம். மாட்டிக்கொண்டால் திட்டு விழும், அவ்வளவுதான். இது வேறு. யாரும் பார்க்கவில்லை. இனியும் பார்க்கப்போவதில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் அவள் என்ன செய்தாலும் உலகம் அப்படியே சரி என்று தலையாட்டிவிட்டுப் போகும். படிக்கட்டில் கைப்பிடிச் சுவர் இல்லை என்பது பாதி இறங்கியபின் தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை.

“வா வா, உன் கை ராசியைப் பத்தித்தான் போன்ல சொல்லிட்டிருந்தேன். எதிர்வீட்டுப் பிள்ளைக்கு வேற ஆஸ்பத்திரியில ஊசி போட்டு மூணு நாள் காய்ச்சலாம். நம்ம தங்கத்துக்கு உடம்பு சுடக்கூட இல்ல.”

அவள் காலைக் கழுவாமலேயே நடுக்கூடத்தில் நின்று சொன்னாள். அக்காவின் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றுபோனது.

“அப்ப இவளுக்கு ஒண்ணுமே இல்லையா? போட்டும் போடாத மாதிரியா?”

“ஆமாக்கா.”

“என்னடி சொல்ற! கீழ்வீட்டுப் பையன் ஒரு வாரமா இருமிட்டே இருக்கான். அவங்கம்மா தினம் இவளை வாங்கிக் கொஞ்சறா!” அக்காவின் குரல் உடைந்தது. “இப்ப என்ன பண்றது?”

“நாளைக்குப் புது மருந்து வருது. தனியாப் போட்டுடறேன்னு சிஸ்டர் சொல்றாங்க.”

அக்காவின் முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது. “அப்பாடி! அதை முதல்ல சொல்றதுக்கென்ன? உயிரே போயிடுச்சு.” குழந்தையின் தலையில் அழுத்தி முத்தமிட்டாள். “எத்தனை மணிக்கு வரணும்?”

“மத்த முப்பது பேருக்கு?”

அக்கா குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள். ஏற்கெனவே போட்டிருந்த பொத்தானைக் கழற்றித் திரும்பவும் போட்டாள். “உன் ஆர்டர் வரட்டும். வந்தப்புறம் சொல்லிக்கலாமே. நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே? உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்.”

அக்கா கெட்டவள் இல்லை. தெருநாய்க்குக்கூடத் தட்டில் பரிமாறுபவள். நர்சம்மாவும் கெட்டவர் இல்லை. அவருடைய கைக்கு அழாத குழந்தைகள் உண்டு. தான் நேசிக்கிற இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று கூப்பிடுவதுதான் அவளுக்குக் குலைநடுக்கமாக இருந்தது. அந்தப் பக்கம் போய்விடுவோம் என்று அவளுக்கே தெரிந்தது.

தட்டை மூடி வைத்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறை மேடையருகே நின்றாள். முதலில் பழைய பக்கங்களைப் புரட்டினாள். மார்ச் 3, திங்கள்: பேனா மூடியைத் தொலைத்தேன். மார்ச் 10, திங்கள்: அக்காவிடம் எரிந்து விழுந்தேன். அந்த இரண்டு திங்கட்கிழமைகளுக்கே திரும்பத் திரும்ப வந்தாள்.

சுவரில் இருந்த எட்டு விதிகளில் ஏழாவது இது: பெட்டியைப் பழுது பார்த்த உடனும், ஒவ்வொரு திங்கட்கிழமையும், இழுப்பறையில் இருக்கும் இரண்டாவது வெப்பமானியை அரை மணி நேரம் உள்ளே வைத்து ஒப்பிட வேண்டும். தாளில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. மெக்கானிக் வந்த வெள்ளிக்கிழமையின் கட்டத்திலும், அடுத்த இரண்டு திங்கட்கிழமைக் கட்டங்களிலும் அவள் டிக் போட்டிருந்தாள். ஒப்பிடவில்லை. இழுப்பறையைத் திறக்கக்கூட இல்லை. அரை மணி நேரம் காத்திருக்கச் சோம்பல், பெரியவரும் போய்விட்டார்.

பார்த்திருந்தாலும் நாலுதான் என்பது பொய். வெள்ளிக்கிழமையே ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். முப்பத்தொரு குழந்தைகளுக்கும் ஊசி போடுவதற்கு ஆறு நாள் முன்பே தெரிந்திருக்கும்.

அந்தப் பெரிய தவறு ஒரு நாளும் நாட்குறிப்புக்குள் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பேனா மூடி வந்திருக்கிறது. நேற்று, திறக்காமல் எழுதியது வந்திருக்கிறது. சின்னச் சின்னத் தவறுகளாகத் தினம் ஒன்று எடுத்துக் கொடுத்து, பெரியதை அவள் நோட்டின் கண்ணிலிருந்தே மறைத்திருக்கிறாள். யாரும் படிக்காத நோட்டில்கூட!

மார்ச் 12, புதன் என்று எழுதிவிட்டு, அந்த மூன்று டிக்குகளையும் தேதியோடு எழுதினாள். பிறகு, டாக்டரம்மாவிடம் சொல்வதானால் எதற்காகச் சொல்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். எதையும் காரணத்தோடு செய்ய வேண்டும் அவளுக்கு. மாட்டிக்கொள்வேன் என்ற பயமா? மாட்டவே மாட்டாள், நர்சம்மா அத்தனை பக்காவாக வழி வைத்திருக்கிறார். குழந்தைக்காகவா? குழந்தைக்கு நாளையே ஊசி உண்டு. நல்ல பெயர் வாங்கவா? வாங்கப்போவது கெட்ட பெயர். முப்பது தாய்மார்களில் ஒருத்தியின் முகமாவது ஞாபகம் இருக்கிறதா? உண்மையைச் சொன்னால் இல்லை. அவள் அறைக்குள்ளேயே இருப்பவள். நான் நல்லவள், அதனால் சொல்கிறேன் என்று எழுதப் பார்த்தாள். ‘நல்’ என்பதோடு பேனா நின்றுவிட்டது. அடித்தாள்.

கீழ்வீட்டிலிருந்து இருமல் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று இடைவெளியில்லாமல் தொடர்ந்து, கடைசியில் மூச்சை இழுக்கும் ஒரு நீண்ட சத்தம். வெறும் சளியாகவும் இருக்கலாம். கூடத்தில் அக்கா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நம் ஜன்னலைச் சாத்தியாயிற்று என்று அவளும் ஒரு கணம் நிம்மதியாக மூச்சுவிட்டாள். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. இந்த நிம்மதி பழகிவிடும். இன்னும் இரண்டு நாளில் இருமல் காதில் விழாது. ஆர்டர் வந்தபின் சொல்ல எதுவுமே இருக்காது.

காரணம் கிடைக்கவில்லை. காரணம் கிடைக்கும்வரை காத்திருந்தால் விடிந்துவிடும், நர்சம்மா எட்டு மணிக்கு வந்துவிடுவார், ‘சரி சிஸ்டர்’ என்று தன் வாய் சொல்லிவிடும் என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அடிக்கோலைத் தேடாமலே எழுதினாள்; எழுத்து கோணலாக விழுந்தது.

நாளை: காலை ஆறரை மணிக்கு சிஸ்டருக்குப் போன் செய்து, சொல்லப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். ஆறே முக்காலுக்கு டாக்டரம்மாவுக்குப் போன். ஏழரைக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். பழைய மருந்தை யாரும் வெளியே எடுக்கக் கூடாது. அளவுத்தாள், முள் நின்ற வெப்பமானி, இரண்டு குப்பிகள் ஆகியவற்றை டாக்டரம்மா மேசையில் வைக்க வேண்டும். ஊசிப் பதிவேட்டில் ஆறாம் தேதிப் பக்கத்தைப் பார்த்து முப்பத்தொரு முகவரிகளையும் எழுதி எடுக்க வேண்டும். வீடு வீடாகப் போய் மறு ஊசிக்கு அழைக்க, நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து தொடங்கலாம்.